அண்ணி இறக்காத சோறு

"…மன்னிக்கமாட்டேன்னு நான் எங்க சொன்னேன் மாமா? சோத்த இறக்கமாட்டேன்னுதான் சொல்றேன்" என்றார் அண்ணி.

ஒரு கையில் கரண்டி, இன்னொரு கை அண்டாவின் மூடிமேல். எதிரே என் சித்தப்பா, எங்கள் சபையின் மூப்பர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணிக்கு அவர் மாமா முறை. சபைக் கட்டடத்துக்குப் பின்னால் கல் அடுப்பு. அண்டாவில் சாமைச் சோறு, சட்டியில் மொச்சைக் குழம்பு. விறகு தள்ளுவது என் வேலை என்பதால் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். உள்ளே சனங்கள் இலை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

சோற்றை இறக்காவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று மலைக்குக் கீழே இருப்பவர்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் தப்புச் செய்தவர் எல்லார் முன்னாலும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழ வேண்டும். அப்புறம் எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள். கை கழுவியதும் விவகாரம் முடிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யார் எடுக்கிறாரோ அவர்தான் குற்றவாளி. காட்டு வரப்புச் சண்டைக்கும் ஆடு மேய்ந்த சண்டைக்கும் இதைவிட நல்ல மருந்து கிடையாது. எத்தனையோ அண்ணன் தம்பிகளை ஒட்டவைத்திருக்கிறது. நாங்கள் ஏசுவைக் கும்பிட வந்தபோது பழைய பழக்கம் எத்தனையோ விட்டோம், இதை விடவில்லை.

அன்றைக்கு விழுந்து எழுந்தவர் எங்கள் போதகர்.

அவரைப் பற்றி நல்லதாகச் சொன்னால் இப்போதும் சிலருக்குக் கோபம் வரும். ஆனாலும் நடந்தது நடந்ததுதானே. என் அம்மாவுக்கு மூச்சு முட்டியபோது பஸ் இல்லை. அம்மாவைத் தன் மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் நான் பிடித்துக்கொள்ள, மலை வளைவுகளில் இறக்கிக்கொண்டு போனார். "இறுக்கிப் புடிச்சிக்கமா, மோட்சத்துக்கு இது ரூட்டு இல்ல" என்று சொல்லி அந்த நிலையிலும் அம்மாவைச் சிரிக்கவைத்தார். அதே மனிதர்தான் இதையும் செய்தார்.

செய்தது இதுதான். சின்ன வயதிலேயே கணவனை இழந்து தாய்வீடு திரும்பிய ஒரு பெண் எங்கள் சபையில் பாட்டு எடுத்துக் கொடுப்பாள். மனசு சரியில்லை, ஜெபம் பண்ணுங்கள் என்று போனவளிடம் இவர் கேட்கக்கூடாததைக் கேட்டார். போனிலும் விடவில்லை. அவள் வெளியே சொன்னாள். மறு ஞாயிறு இவர் மேடையில் நின்று, நம் சகோதரி ஒருத்திக்குப் புத்தி கலங்கியிருக்கிறது, அவளுக்காக ஜெபிப்போம் என்றார். நாங்களும் அவளை நடுவில் உட்காரவைத்து, தலையில் கை வைத்து, கண்ணீர் விட்டு ஜெபித்தோம். பொய் சொல்லும் ஆவி அவளை விட்டுப் போகவேண்டும் என்று.

அதோடு அவள் சபைக்கு வரவில்லை.

பிறகு போதகரின் மனைவியே அவருடைய போனைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண் சொன்னது உண்மை என்று சித்தப்பாவிடம் சொன்னார். சொல்லிவிட்டுப் பிள்ளைகளோடு கணியம்பாடிப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

எங்கள் சனங்கள் பேசியதை எழுதினால் அதுவே ஒரு புத்தகம் ஆகும். ஒருவர் வருவதை நிறுத்தினார்: "இனிமே ஜெபம் எங்க வூட்லதான். எங்க வூட்டுச் சாமி தங்கமானவரு, பிரசங்கமே பண்ணமாட்டாரு." இன்னொருவர் ஒரு ஞாயிறு விடாமல் வந்தார்: "நான் பஸ் ஏறனது ஊருக்குப் போவ. டிரைவர் மூஞ்சியப் பாத்து ஏறல." பக்கத்துக் கொல்லைக்காரம்மா சாமி கும்பிடுகிறவர், அவர் என்னிடம், "எங்க பூசாரியும் ஒரு தபா மாட்டிக்கினாரு. அதுக்காக மாரியாத்தா கோச்சிக்கினு வூர வுட்டாப் போய்ட்டா?" என்று ஆறுதல் சொன்னார். இப்படிப்பட்ட வாய்களுக்கு நடுவில் வாழக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

அண்ணி மட்டும் இந்தப் பேச்சு எதிலும் சேரவில்லை. ஒருநாள் சபைக்கு மேலே மேட்டில் இருக்கும் வீட்டுக்குப் போய் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தார். அவள் சொன்னதை என்னிடம் அப்படியே ஒப்பித்தார். "எனக்கு ஒண்ணும் வேணாம்க்கா. நான் பொய் சொல்லலன்னு சபைல யாராச்சும் வாயத் தொறந்து சொன்னாப் போதும்."

அன்றைக்குப் போதகர் வந்து விழுந்தபோது யாருக்கும் கண் காயவில்லை. எனக்கும்தான். அத்தனை பெரிய உருவம் சிமெண்டுத் தரையில் கிடந்து குலுங்கியது. சித்தப்பா அவரைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டார். அடுத்த ஞாயிறு நீங்களே பிரசங்கம் பண்ணுங்க என்று சொல்லிவிட்டு, சோறு கேட்டுப் பின்பக்கம் வந்தார். அப்போதுதான் அண்ணி மூடிமேல் கை வைத்தார்.

"ஊரே உக்காந்துகினு கீது" என்றார் சித்தப்பா. "மன்னிச்சாச்சு. இனிமே இன்னா?"

"யாரு மன்னிச்சது?"

"நாமதான்."

"நமக்கு இன்னா பண்ணாரு அவரு? எங்க மாமியாருக்கு ஊசி போட இட்டுனு போனாரு, எம் புள்ளைக்குப் பேர் வெச்சாரு. நமக்கு நல்லதுதான் பண்ணாரு. கெட்டது பண்ணது மேட்டு வூட்டுப் பொண்ணுக்கு. அவள யாராச்சும் கூப்ட்டீங்களா?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

"கூப்ட்டா வரமாட்டா" என்றார் சித்தப்பா.

"கூப்ட்டாத்தான வருவாளா இல்லியான்னு தெரியும்?"

"நீ இன்னாமா, ஒரு மனுசன் அந்த அழுவ அழுவறாரு, உனக்கு எரக்கமே இல்லியா?"

"இருக்குது மாமா. பசிச்சா இதே கரண்டியால அவருக்குத் தனியாப் போடறேன். அவரு சம்சாரம் திரும்பி வந்தா அவங்களுக்கும் போடறேன். ஆனா பந்தி போடமாட்டேன். பந்தி போட்டா பேச்சு முடிஞ்சிடும். அப்புறம் அவ வாயத் தொறந்தா அவமேலதான் குத்தம். பாஸ்டர மன்னிக்கறது ஒண்ணு. மேடைல ஏத்தறது ஒண்ணு. அவ வாய அடைக்கறது ஒண்ணு. மூணையும் ஒரே சோத்துல போட்டுப் பெசஞ்சிட்டீங்க."

உள்ளேயிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "இன்னாங்க, குழம்பு ஆறிப்போச்சா, அடுப்பு ஆறிப்போச்சா?" யாரோ சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை. சபை இரண்டாக உடைந்துவிடுமோ என்ற பயம் மனுசனைத் தூங்கவிடவில்லை. பின்வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். குரல் இறங்கிவிட்டது.

"இப்ப இன்னாதான் பண்ணச் சொல்ற?"

"அவரு அவகிட்ட மன்னிப்பு கேட்டுக்கறது அவரு பாடு. அத அவ ஏத்துக்கணும்னும் சட்டம் இல்ல. நாம அவ தலைல கைய வெச்சிப் பொய்க்காரின்னு ஜெபம் பண்ணோமே மாமா, அதுக்கு யாரு போறது?"

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது. அதைக்கூட நான் தள்ளவில்லை.

அண்ணி எரிகிற விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்தார். அண்டாவை நன்றாக மூடிக் கல் ஒன்றைத் தூக்கி மேலே வைத்தார். கரண்டியை என் கையில் கொடுத்து, "தம்பி, யார் கேட்டாலும் குடுக்காத" என்றார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மேட்டுப் பாதையில் ஏறினார். முட்டி வலிக்காரர், பாதியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். இலைக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து பின்வாசலில் நின்று பார்த்தார்கள். போதகரும் வந்து ஓரமாக நின்றார்.

அந்தப் பெண் வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். அண்ணியைப் பார்த்து எழுந்தாள். அண்ணி அவளுக்கு முன்னால் போய் நின்றார். அண்ணிக்குச் சாதாரணமாகவே பெரிய குரல். அன்று கீழே இருந்த எங்கள் எல்லாருக்கும் கேட்கவேண்டும் என்றே பேசினார்.

"நீ பொய் சொல்லலமா. நாங்கதான் தப்பா ஜெபம் பண்ணிட்டோம்."

அவள் என்ன சொன்னாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அண்ணி அவளை வா என்று கூப்பிடவும் இல்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து, புளிக் குவியலில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தட்ட ஆரம்பித்தார்.