மூன்றாவது இடத்தில் இருந்த அணி

மேனேஜர் சார் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, துபாய் தேராவில் ஐம்பதாம் நம்பர் ஷூ தேடி நாங்கள் கடை கடையாக ஏறி இறங்கிய ஒரு சாயங்காலம். எங்கள் கூடைப்பந்துக் கிளப்பில் அவர் அணி மேனேஜர், நான் பிசியோதெரபிஸ்ட். எங்கள் நெட்டைப் பையனின் காலுக்கு நாற்பத்தொன்பதே சரியாக இருந்தது. ஒரு நம்பர் பெரிதாகத்தான் எடுப்பேன் என்று சார் ஒற்றைக் காலில் நின்றார். கணுக்கால் பிசகும் என்றேன். "வளருத பயல், டாக்டரே. இன்னிக்கு அளவுக்கு வாங்குனா அடுத்த வருசம் என்ன செய்ய?" என்றார் அந்தத் தூத்துக்குடிக்காரர். என்னை டாக்டர் என்று கூப்பிட்டுவிட்டு, நான் சொன்ன எதையும் அவர் கேட்டதில்லை. ஷூவின் முன்பக்கம் பஞ்சு வைத்துக் கொடுத்தேன்.

அணியை வளர்த்தெடுக்க சேர்மனிடம் மூன்று வருடம் கேட்டு வாங்கியிருந்தார். நெட்டைப் பையனையும் சேர்த்து இருபதைத் தொடாத நாலு பேரைப் பொறுக்கியெடுத்து, தோற்றாலும் பரவாயில்லை என்று அவர்களையே ஆட்டத்துக்கு ஆட்டம் இறக்கினார். மூன்றாம் வருடம் அவர்களை அசைக்க ஆள் இருக்காது என்பது அவர் கணக்கு. படுதோல்வி கண்ட நாளிலும் பஸ்ஸின் முன் சீட்டில் உட்கார்ந்து, நெட்டைப் பையன் பந்தை வாங்கித் திரும்பிய ஒரே ஒரு தடவையைப் பற்றி வழி முழுக்கப் பேசுவார். எனக்கு எரிச்சலாக வரும். மூன்று வருடம் என்று அவர் சொல்லும்போதெல்லாம், அவருடைய விசா இரண்டு வருடத்துக்குத்தான் என்பது எனக்கு ஞாபகம் வரும். அவருக்கு ஏனோ வராது. வளைகுடாவில் நாங்கள் எல்லோருமே இப்படித்தான். எப்போது திருப்பி அனுப்புவார்கள் என்று தெரியாமலே, ஊரில் கட்டும் வீட்டில் மாடிக்குக் கம்பி விட்டு வைப்போம்.

இரண்டாவது சீசன் பாதியில் நாங்கள் மூன்றாவது இடத்துக்கு வந்தோம். வினை அதுதான். எட்டாவது இடத்தில் கிடந்திருந்தால் எங்களை ஒருவரும் சீண்டியிருக்க மாட்டார்கள். சேர்மன் கூப்பிட்டனுப்பினார். கோபமே இல்லை, அரபிக் காப்பியான காவா ஊற்றிக் கொடுத்து, "இந்த வருஷம் கப். அடுத்த வருஷம் இன்ஷா அல்லாஹ். கலாஸ்" என்றார்; பேச்சு முடிந்தது என்று அர்த்தம். சாரின் விசா புதுப்பிக்கும் வேலை அப்போது ஆபீசில் நகராமல் கிடந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை, பேசத் தேவையும் இல்லை.

வயதான அமெரிக்க ஆட்டக்காரர் ஒருவர் கிடைப்பதாக இருந்தது. அவருடைய முழங்கால் ஸ்கேனைப் பார்த்து, இது சீசன் முடியும்வரை தாங்காது என்றேன். "கப் வரைக்கும் தாங்குனா போதும், டாக்டரே." ஆனால் லீக்கில் ஓர் அணிக்கு வெளிநாட்டவர் இரண்டு பேர்தான்; எங்கள் நால்வரில் இருவர் ஏற்கெனவே அந்தக் கணக்கில். நெட்டைப் பையன் பிறந்ததும் வளர்ந்ததும் ஷார்ஜாவில். இருந்தாலும் பாஸ்போர்ட் சூடானுடையது, விசா கிளப்புடையது. அவன் ஆடும் அதே இடத்துக்கு அமெரிக்கர் வந்தால் அவன் போக வேண்டும். கிளப்பை விட்டுப் போனால் நாட்டை விட்டும் போக வேண்டும்.

சார் அவனிடம் தானே சொன்னார். அடுத்த சீசனில் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று தோளைத் தட்ட, குனிந்துதான் நிற்க வேண்டியிருந்தது அவனுக்கு. "கலாஸ், சார். நெக்ஸ்ட் சீசன்" என்று சிரித்தான். சார் அதை மனதார நம்பித்தான் சொன்னார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன் என்று தெரிந்தும் அது தணியவில்லை.

அரையிறுதியில் அமெரிக்கரின் முழங்கால் போய்விட்டது. தோற்றோம். அடுத்த மாதம் சாரின் விசா ரத்தானது.

சூடானில் சண்டை என்பதால் பையன் இப்போது கெய்ரோவில் ஒரு குளிர்பானக் கிடங்கில் பெட்டி ஏற்றுகிறான். ஆடுவதில்லை. மற்ற மூவரில் இருவர் ஆட்டத்தை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் அதே அறையில் யாராவது ஒருவரின் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை தூத்துக்குடியிலிருந்து சார் பேசினார். வேலை எதுவும் அமையவில்லை போலிருக்கிறது; அதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுக் கேட்டார்.

"நம்ம டீமு எப்படிப் போவுது?"

"மூணாவது இடம், சார்."

"புதுசா யாரையும் எறக்கிட்டாங்களோ?" என்றார்.

"நேத்துதான், சார்."

"யார அனுப்புனாங்க?"

பெயரைச் சொன்னேன். அவர் பொறுக்கியெடுத்த நால்வரில் மிஞ்சியிருந்தவன் அவன்தான். எங்கே போனான் என்று கேட்பார் என போனைக் காதில் வைத்தபடி காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.