உப்பில்லாத தண்ணீர்

தொண்ணூற்றாறில், இத்தாலியில், என் வியாழக்கிழமைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. லிபெர்த்தாப் பகுதியில் சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும் முதலாளி அம்மாவின் வீட்டு வேலையை ஒரு மணிக்கு முடித்துவிட்டு, இரண்டு மணிக்குக் கடற்கரைப் பக்கத்துக் கால்சாவில் ஓர் ஓவியரின் மாடி அறையைச் சுத்தம் செய்யப் போவேன். அவர் பிரேசிலில் இருந்து வந்த கறுப்பினப் பெண். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட முன்னோர்களுடன் கூடவே போன கடல் தாய் இயெமஞ்சாவைத்தான் வரைவார். முகம் மட்டும் சந்தையிலோ பஸ்ஸிலோ பார்த்த யாரோ ஒருத்தியுடையதாக இருக்கும்.

நான் தரை துடைக்க, அவர் வரைந்தபடி பேசுவார். இருவருடைய அரைகுறை இத்தாலியனும் அதற்குப் போதும். ஒரு வியாழன், உங்கள் லட்சுமி தாமரையில் நிற்கிறாளா, தண்ணீரிலா என்று கேட்டார். என் அறையில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னேன். வேலையைத் தவிர வேறொன்றை என்னிடம் கேட்பவர் அவர் ஒருவர்தான்.

அடுத்த வியாழன் அவர் வெளியே போயிருந்தார். மூலைத் தட்டில், கடல் தாய்க்குப் படைத்த கண்ணாடிக்கும் சீப்புக்கும் நடுவே, வெள்ளைப் பூக்கள் வாடிக் கறுத்திருந்தன. பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர், மேலே தூசி. சாமிக்கு வைத்த பூவை வாட விடக்கூடாது என்றே நான் பழகியவன். பூக்களை எடுத்தேன். தண்ணீரை ஊற்றிவிட்டு, கிளாஸைக் கழுவி, குழாயில் நிரப்பி வைத்தேன். சிஞ்ஞோரா வீட்டு மல்லிகையில் நாலைந்து சட்டைப் பையில் கிடந்தன. அவற்றையும் வைத்தேன்.

மூன்று மணி பத்துக்கு வந்தவர் கிளாஸில் விரல் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு எங்கே?"

நான் ஊற்றிவிட்டது அவருடைய ஊர்க் கடல் தண்ணீர். ஒரேயொரு போத்தல் கொண்டுவந்திருந்தார். கடல் தாயின் நீலத்தைக் கரைக்கும்போதெல்லாம் அதில் ஒரு துளி விடுவாராம். மீதி இருந்தது அந்தக் கிளாஸில் மட்டும். அன்று வரைபலகையில் இருந்த படத்தில் ஆடையின் நீலம் இடுப்போடு நின்றிருந்தது.

கிளாஸை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு இறங்கினேன். ஐந்து நிமிட நடை. நிரப்பி வந்ததை அவர் நன்றி சொல்லி வாங்கித் தட்டில் வைத்தார். தூரிகையைத் தொடவில்லை.

என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த மன்னார்த் தம்பியிடம் சொன்னேன். "அண்ணை, உங்கடை சாமியோ அது, நீங்கள் பூ மாத்த? ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் என்ன?" என்றான்.

வேலையில் இருந்து அவர் என்னை நிறுத்தவில்லை. ஆனால் பிந்திய வியாழன்களில் ரேடியோவைப் போட்டுக்கொண்டு வரைந்தார். அந்தப் படம் இடுப்புக்குக் கீழே வரையாத வெறும் துணியாகவே கண்காட்சிக்குப் போனது.

லட்சுமி தாமரையில் நிற்கிறாள். தாமரை தண்ணீரில் இருக்கிறது. அவர் கேட்ட அன்றிரவே பார்த்து வைத்திருந்தேன். அவர் பிறகு கேட்கவில்லை.