எழுதாத பரீட்சைக்கு அறுபத்திரண்டு மார்க்

இன்று பேத்தியின் ஓட்டப்பயிற்சி சார், மலையாளி, வீடு தேடி வந்து மார்க் கார்டை நீட்டினார்.

"அம்மா, பிள்ளை எல்லாத்திலயும் பாஸ், கேட்டோ! ஒரு கையெழுத்து."

கணக்கில் அறுபத்திரண்டு.

"கணக்குப் பரீட்சை அன்னிக்கு அவ உங்ககூட கோட்டயத்துல போட்டியில ஓடிக்கிட்டிருந்தாளே சாரே. இதை யாரு எழுதினா?"

"அதெல்லாம் ஸ்கூல்ல அட்ஜஸ்ட் பண்ணியாச்சு. ஸ்போர்ட்ஸ் பிள்ளையில்லையா?"

எண்பத்தெட்டாம் வருஷத்தில் என் மகளையும் ஒரு சார் இப்படித்தான் பாஸாக்கினார். பத்தாம் வகுப்புப் பொதுப் பரீட்சையில் தோற்றாள். ஓட்டம் நின்றதும் சார் வேறு பிள்ளையைப் பிடித்துக்கொண்டார். மகள் இன்றும் சித்தாள் வேலைக்குப் போகிறாள்.

"கையெழுத்துக் கிடையாது. மறுபடி பரீட்சை வைங்க, தோத்தாலும் சரி" என்றேன். டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

உங்கள் வீட்டு ஓட்டக்காரப் பிள்ளையின் கார்டையும் எடுத்துப் பாருங்கள். மார்க் ரொம்ப நன்றாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.