சுண்ணாம்புத் தண்ணீரும் என் மூன்று புகார்களும்

குழாய் வேலையில் தண்ணீர் வந்தால் யாரும் நம் பெயரைக் கேட்பதில்லை. வராவிட்டால் தெருவே பெயர் சொல்லித் திட்டும்.

பரீட்சையில் தேறாமல் பள்ளிக்கூடத்தை விட்டதும், எங்கள் தீவில் ட்ரியோலே என்ற ஊரில் ஒரு குழாய்க்காரரிடம் சேர்ந்தேன். அவரை எல்லோரும் பாத்ரோன் என்றுதான் கூப்பிடுவோம், முதலாளி என்று அர்த்தம். அவர் போட்டது ஒரே நிபந்தனை: மூன்று மாதத்துக்குள் மூன்று புகார் வந்தால் வீட்டுக்கு. அப்பா அதோடு இன்னொன்றைச் சேர்த்தார். அங்கிருந்து துரத்தினால் அவரோடு சர்க்கரை ஆலைக்கு வரவேண்டும். கரும்பு வெட்டுக் காலம் முடிந்ததும் சாறு காய்ச்சும் பெரிய கொப்பரைக்குள் ஆளை இறக்கி, ஒட்டிய படிவைச் சுரண்டவிடுவார்கள். அப்பா அதில் இறங்குகிறவர். எனக்கு மூடிய இடம் என்றாலே மூச்சு முட்டும். அந்த மூன்று மாதமும் நான் சரியாகத் தூங்கவில்லை.

கடற்கரைப் பக்கக் கிணறுகள் பவளப் பாறைக்குள் தோண்டியவை, தண்ணீரிலேயே சுண்ணாம்பு கரைந்து வரும். கெட்டிலின் அடியில் வெள்ளையாக ஓடு கட்டுகிறதே என்று தினம் சுரண்டுகிறீர்கள் அல்லவா, அதே பாறைதான் என் எதிரியும். இங்கே எல்லோரும் பேசியது தீவு மொழியான கிரியோலில். நான் சூடு குறையாமல் தமிழில் எழுதுகிறேன்.

தையற்காரர் சுவர்

முதல் வாரமே ஒரு தையற்காரர் வீட்டில் குழாயில் நூல் மாதிரிதான் தண்ணீர் வந்தது. குழாயைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு பென்சில்கூட நுழையாது. ஆசிட் ஊற்றி ஊறவைத்து, தட்டிக் கழுவினேன். சுண்ணாம்பு பாளம் பாளமாக வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. யாரையும் கேட்காமல் மற்ற குழாய்களுக்கும் அதே வைத்தியம் செய்தேன்.

அந்த இரும்பு எப்போதோ துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது என்பதும், இத்தனை வருஷம் அதைச் சேர்த்துப் பிடித்திருந்ததே சுண்ணாம்புதான் என்பதும் தண்ணீரைத் திறந்து சுவரெல்லாம் பீறிட்ட பிறகுதான் தெரிந்தது. தைத்து மாட்டியிருந்த கல்யாணக் கோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தையற்காரர் சொன்னார்: "தம்பி, நீ வர்றதுக்கு முன்னாடி குழாயிலதான் தண்ணி வரல. இப்போ குழாயைத் தவிர எல்லா இடத்துலயும் வருது."

முதல் புகார்.

காவடி வீட்டு எலுமிச்சை

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு ஒரு வாத்தியார் வீட்டுக்குப் போனேன். விரத வீடு. சமையலறைக் குழாய்வாயைச் சுத்தம் செய்யவேண்டும். சைக்கிள் குலுங்கியதில் வினிகர் பாட்டில் பையிலேயே உடைந்துவிட்டது. திரும்பிப் போய் வரப் பொறுமை இல்லை. வீட்டம்மா கோவிலுக்குப் போயிருந்தார். மேடையில் ஒரு கூடை எலுமிச்சம்பழம். புளிப்பு எதுவானால் என்ன? ஒன்பது பழத்தை அறுத்து, துணியில் வைத்துக் குழாய்வாயில் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு மணி நேரத்தில் பித்தளை பளபளத்தது.

அவை அவர் மகன் காவடி எடுக்கும்போது உடம்பில் கொக்கி குத்தித் தொங்கவிட, மஞ்சள் நீரில் கழுவி வைத்த பழங்கள். அந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "பாவி! என் பிள்ளை முதுகுல தொங்க வேண்டியது உன் குழாயில தொங்குதே!"

சாமி குற்றம் ஒரு பக்கம், இரண்டாவது புகார் ஒரு பக்கம். பாய் விரித்துப் படுத்திருந்த மகன் மட்டும் கண்ணைத் திறக்காமல் சொன்னான்: "விடும்மா, ஒன்பது குத்து மிச்சம்."

அம்மா விடவில்லை. அன்று சாயங்காலமே பாத்ரோனிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

கொடி

ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர் வீட்டு வராந்தாவில் நான்கு பேர், சுதந்திரம் வந்து கொடி மாறினால் நல்லதா கெட்டதா என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் புதுக் குழாய் பொருத்திக்கொண்டே உண்மையைச் சொல்லிவிட்டேன்: "இதே கிணற்றுத் தண்ணின்னா இரண்டு வருஷத்துல இதுவும் அடைச்சுக்கும். கூரை மழைத்தண்ணியைத் தொட்டியில பிடிச்சுக்குங்க." சொன்ன பிறகுதான் உறைத்தது. பாத்ரோனுடைய வேலையை நானே கெடுத்துவிட்டேனே! குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிநேகிதர்கள் பக்கம் திரும்பினார்: "நாலு மணி நேரமா நாம பேசினதுல உருப்படியானது இவன் சொன்னதுதான்."

தீப்பெட்டி

மூன்று மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது. கடற்கரை பங்களா ஒன்றில் மதாம், அதாவது வீட்டு எஜமானி, வெந்நீர்க் கொப்பரையின் குழாயைச் சுரண்டச் சொன்னார். சுரண்டினேன். "அடுப்பைப் பத்தவை, நாலு மணிக்கு விருந்தாளிங்க வராங்க" என்றார். கொப்பரை நாலு பக்கமும் மூடியது. மேலே நீராவி வெளியேற ஒரே ஒரு குழாய்தான். எதற்கும் இருக்கட்டும் என்று ஏணி வைத்து ஏறி, அதற்குள் கம்பியை விட்டேன். ஒரு முழம் போய் நின்றது. வளைவில் நின்றதா, சுண்ணாம்பில் நின்றதா, தெரியவில்லை.

"பத்தவைக்க மாட்டேன், மதாம்."

"போன வருஷம் பத்தவைச்சோமே!"

"போன வருஷம் நான் இல்லை. இது வெடிக்கும்."

அவர் பற்றவைக்கச் சொல்லிச் சமையல்காரியைக் கூப்பிட்டார். நான் தீப்பெட்டியை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுப்பு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மதாம் போய் பாத்ரோனுக்கு டெலிபோன் செய்தார். மூன்றாவது புகார்! பாத்ரோன் வந்து சேர ஒரு மணி நேரமானது. அது வளைவாக மட்டும் இருந்தால் நான் ஆலைக் கொப்பரைக்குள் இறங்குவேன். அந்த ஒரு மணி நேரமும் கம்பி நின்ற இடத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாத்ரோன் ஏணியில் ஏறி, குழாயைக் கழற்றி, சிமெண்டுத் தரையில் தட்டினார். கல்லைத் தட்டிய சத்தம். கீழ்முனையைப் பார்த்தார், என்னிடம் நீட்டினார். ஊசிகூட நுழையாது. வளைவுவரை வெள்ளைப் பாறை. மதாம் முகத்திலும் அதே வெள்ளை. அவர் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

திரும்பி வரும்போது பாத்ரோன் முன்னால் நடந்தார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, வேலையை விட்டு நிறுத்துவார் என்று காத்திருந்தேன். கடை வாசலில் நின்று சொன்னார்: "புகார் மூணு ஆயிடுச்சு. ஆனா மூணு பேரும் புகார் சொல்ல உயிரோட இருக்காங்க. காலையில ஏழு மணிக்கு வந்துடு."

இப்போதும் அதே சுண்ணாம்பைத்தான் சுரண்டுகிறேன், அதே திட்டைத்தான் வாங்குகிறேன். ஆனால் வானம் தெரிகிற இடத்தில் நின்று வாங்குகிறேன்.