கற்பூரத்தில் ஓடிய கார்

வட்டுக்கோட்டைக் கோழிப் பண்ணையை விட்டுக் கிளம்பி, வயல்களுக்கு நடுவே கொஞ்சத் தூரம் நடந்த பிறகு சேர்ட்டை மணந்து பார்த்தேன். நான் பண்ணையை விட்டாலும் பண்ணை என்னை விடவில்லை. முதலாளி கோழிகளையும் என்னையும் ஒரே கொட்டிலில் படுக்கவிட்டிருந்தார். கோழிகள் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் பையைத் தூக்கினேன். எங்கே போவதென்று முடிவு செய்யவில்லை, காலையில் சாப்பிடவும் இல்லை. அப்படியான நாட்களில் நடந்துகொண்டே இருப்பது நல்லது. நின்றால் பசியும் பக்கத்தில் வந்து நிற்கும்.

பின்னால் இருமல் கேட்டது. ஆள் இல்லை, கார். ஆமை முதுகு போலக் கூரை வளைந்த பழைய கார் ஒன்று விக்கி விக்கி வந்து என்னருகே நின்றது. ஓட்டி வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். நெற்றி நிறையத் திருநீறு.

"தம்பி, உமக்கு எஞ்சின் வேலை தெரியுமோ?"

முன்பு ஒரு வள்ளத்தில், எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடலுக்குப் போயிருக்கிறேன். "ஓம் அண்ணை" என்றேன்.

"அப்ப ஏறும். உரும்பிராய்க்குப் போறன். நாளைக்கு விடிய இந்தக் காரிலைதான் மாப்பிள்ளையை ஏத்த வேணும்."

இப்போது கல்யாணத்துக்குப் பழைய கார்தான் வேண்டுமாம், படத்தில் எடுப்பாக இருக்குமென்று. ஆனால் போன கல்யாணத்தில் இந்தக் கார் பாதி வழியில் படுத்துவிட்டது. அந்த மாப்பிள்ளை தலைப்பாகையோடு ஓட்டோவில் போய் இறங்கினார். அந்தப் படமும் நன்றாகத்தான் வந்திருந்ததாம்.

"நாளைக்கும் காலை வாரினால் பிறகு ஒருத்தரும் கூப்பிடமாட்டினம், தம்பி. மனுசி இப்பவே பழைய இரும்பு எடுக்கிறவனைப் வாசல் படலையடிக்குக் கூட்டிக்கொண்டு வந்து காட்டிப்போட்டாள்."

நிற்கும்போது எஞ்சின் ஒழுங்காகத்தான் ஓடியது. அக்சிலேற்றரை மிதித்தால் கொஞ்சத் தூரம் பாயும், பிறகு விக்கும், இழுவை இல்லாமல் போகும். பிளக் மாற்றியாயிற்று, கார்புரேற்றரைக் கழற்றிக் கழுவியாயிற்று என்றார்.

"கராச்சுக்காரர் ஒருத்தருக்கும் பிடிபடேல்லை. கடைசியிலை நான்தான் மருந்து கண்டுபிடிச்சன்."

"என்ன மருந்து, அண்ணை?"

"கற்பூரம்."

வளைவில் ஒரு பிள்ளையார் கோயில் வந்தது. காரை நிறுத்தி எஞ்சினை அணைத்து, இறங்கிக் கற்பூரம் கொளுத்தி, சுற்றிக் கும்பிட்டுவிட்டு வந்தார். கார் குதிரைபோலப் போனது. மறுபடி விக்கியபோது ஓர் அம்மன் கோயில். அதற்கடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் மாதா. டாஷ்போர்ட்டிலிருந்து மெழுகுதிரி எடுத்தார்.

"மாதாவுக்குக் கற்பூரம் சரிவராது" என்று எனக்கு விளக்கினார்.

ஒவ்வொரு முறையும் கார் சுகப்பட்டது. இதைவிட மோசமாக வேலை செய்த மருந்துகளை நான் குடித்திருக்கிறேன்.

செம்மண் தோட்டங்கள் தொடங்கிய இடத்தில் மீண்டும் விக்கி நின்றது. கண்ணுக்கெட்டிய தூரம் வாழை; கோயில் இல்லை. அவர் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். நான் புதர்ப் பற்றைப் பக்கம் போய் ஒன்றுக்கு இருந்துவிட்டு வந்தேன். சாவியைத் திருப்பினார். கார் பாய்ந்தது.

"பாத்தியளே அண்ணை, சாமி இல்லாமலே சுகம் வந்திட்டுது."

அவர் திரும்பிப் பற்றையைப் பார்த்தார். "உதுக்குள்ளை ஒரு வைரவர் இருப்பார். சூலம் மட்டும் நட்டிருப்பாங்கள், வெளியிலை தெரியாது. நீர் எந்த இடத்திலை இருந்தனீர்?"

எனக்கும் கொஞ்சம் பயமாகிவிட்டது.

உரும்பிராயை நெருங்கும்போது கடைசித் தடவையாக விக்கி நின்றது. இந்த முறை அவர் கோயிலைத் தேடவில்லை, என்னைப் பார்த்தார். "எஞ்சின் தெரியுமெண்டனீர்."

முன்மூடியைத் திறந்தால் எனக்குப் பற்றரியை மட்டும்தான் அடையாளம் தெரியும். ஆகவே பின்னால் போனேன், பெற்றோல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. பெற்றோல் தாங்கியின் மூடியைத் திருகியதும் 'உஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு.

"மூடும், மூடும்! பெற்றோல் போகுது!" என்று ஓடிவந்தார்.

"போகேல்லை அண்ணை. காத்து உள்ளுக்குப் போகுது."

அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்தது. வள்ளத்துத் தாங்கி மூடியில் காற்றுக்கு ஒரு சின்னத் திருகாணி உண்டு. அதைத் தளர்த்த மறந்தால் தாங்கிக்குள் காற்றுப் போகாது, பெற்றோலும் எஞ்சினுக்கு வராது. நடுக்கடலில் எஞ்சின் இப்படித்தான் விக்கும். நான் இரண்டு தடவை மறந்திருக்கிறேன். வள்ளக்காரர் அப்போது சொன்ன வார்த்தைகளை அவர் பிறகு சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

கார் மூடியிலும் காற்றுக்கு ஓட்டை இருந்தது. உட்பக்கம் சைக்கிள் ரியூப்பை வட்டமாக வெட்டி ஒட்டி அடைத்திருந்தது.

"ஆர் அண்ணை உதை ஒட்டினது?"

"நான்தான். பெற்றோலுக்கு வரிசையிலை கிடந்து காஞ்ச நேரம். அந்த ஓட்டையாலை எவ்வளவு ஆவியாப் போகும், யோசிச்சுப் பாரும்!"

சண்டைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் கார் ஓடியபோது, ஸ்ராட் பண்ண மட்டும் பெற்றோலைத் துளித்துளியாக விட்ட மனிதர். அவர் ஓட்டையைத் திறந்து வைப்பாரா?

"நீங்கள் கோயிலிலை நிக்கிற நேரத்துக்குள்ளை காத்து மெல்ல மெல்ல உள்ளை போயிருக்கு. அதுதான் சுகப்பட்டது" என்றேன்.

"அப்ப கோயிலிலை நிண்டதாலைதானே சுகப்பட்டது?"

"ஓம்."

"அதைத்தானே நானும் சொல்லுறன்."

என் பையிலிருந்த ஊசியால் ரியூப்பில் ஓட்டை குத்தினேன். பிள்ளைக்கு ஊசி போடும்போது தகப்பன்மார் செய்வதுபோல முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அதன்பின் வீடுவரை கார் இருமவில்லை. அவருடைய மனைவி எனக்குப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டு, விறாந்தையில் பாயும் தந்தார்.

விடிய, மாலை கட்டிய காரின் தாங்கி மூடியைத் திறந்து பார்த்தேன். நான் குத்திய ஓட்டைமேல் அழகாக ஒரு பஞ்சர் ஒட்டு.

"நித்திரையே வரேல்லைத் தம்பி. மூக்குக்குள்ளை பெற்றோல் மணம்" என்றார். "கோவியாதையும். நீரும் காரிலை வாரும். நான் கோயிலுக்குக் கோயில் நிப்பாட்டிக் கற்பூரம் கொளுத்திறன், நீர் பின்னாலை மூடியைத் திறந்து மூடும். சம்பளம் தாறன், சாப்பாடு கல்யாண வீட்டிலை."

கோழிகளுக்குப் பிறகு இது நல்ல வேலையாகத்தான் தெரிந்தது. அவருடைய வேட்டியைக் கட்டிக்கொண்டேன். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: கற்பூரம் காரின் பின்பக்கம் வரக்கூடாது.

மாப்பிள்ளையையும் அவருடைய மாமியையும் ஏற்றிக்கொண்டு முதல் கோயிலில் நின்றோம். முன்னால் அவர் கும்பிட்டார். பின்னால் நான் குனிந்து மூடியைத் திறந்தேன். உஸ்ஸ்.

"உந்தத் தம்பி பின்னாலை என்ன செய்யிறார்?" என்று மாமி கேட்டார்.

"உந்தக் காருக்கு முன்னாலையும் செய்ய வேணும், பின்னாலையும் செய்ய வேணும்" என்றார் அண்ணை.

மாமி பக்தியோடு இறங்கினார். எரிகிற கற்பூரத் தட்டை அண்ணையின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பின்பக்கம் வரத் தொடங்கினார்.

அந்த வேலையில் நான் வாய்திறந்து கத்தியது அந்த ஒரு தடவைதான். மற்றக் கோயில்களில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மாப்பிள்ளை, முகூர்த்தத்துக்கு முன்பே, காரில் போய் இறங்கினார்.