மாட்டுத் தரகர் மோர் குடித்துப் போன நாள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. கல்யாணமாகிப் பாகூரிலிருந்து வில்லியனூருக்கு வந்திருந்த புதிது. கிராமத்துக் குடும்பங்களுக்கு வரவு செலவு, சேமிப்பு பற்றி யோசனை சொல்ல ஒரு வங்கி உள்ளூர்ப் பெண்களைத் தேடுகிறது, பயிற்சியும் அவர்களே தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டேன். 'குடும்ப நிதி ஆலோசகர்' என்று அந்த வேலைக்குப் பெயர். பெயரைக் கேட்டதும் என் வீட்டுக்காரர், "மொதல்ல நம்ம வூட்டு நிதிக்கு ஆலோசனை சொல்லு" என்று விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பயிற்சி கொடுத்தவர் டவுனிலிருந்து வரும் ஓர் அதிகாரி. மடிப்புக் கலையாத சட்டை, சிரிப்பே வராத முகம். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, புருஷன், பெண்டாட்டி இருவரையும் சேர்த்து உட்கார வைத்துத்தான் பேச வேண்டும். இன்னொன்று, ஒருவர் தனியாகச் சொன்னதை அடுத்தவர் காதில் போடவே கூடாது. போட்டால் அன்றோடு வேலை போச்சு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டும் ஒரே வீட்டில் மோதிக்கொள்ளும் என்று யார் கண்டது?

பயிற்சி முடிவில் பரீட்சை. ஒரு குடும்பத்துக்கு நேரில் போய் யோசனை சொல்ல வேண்டும், அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். எனக்குக் கிடைத்தது செல்லிப்பட்டுப் பக்கம் ஆற்றை ஒட்டிய ஒரு கூரை வீடு. எங்களைப் போலவே கிறிஸ்தவக் குடும்பம். சொந்தமாகக் கொஞ்சம் நிலம், ஒரு கறவை மாடு, ஒரே மகள். அந்தப் பெண்ணுக்கு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை பணம் கட்டியாக வேண்டும். அதற்காக மாட்டை விற்பது என்று முடிவு செய்து, அன்று சாயங்காலமே தரகரை வரச் சொல்லிவிட்டார்கள். மாடோ சினை. அந்த வீட்டில் மாதம் தவறாமல் வருகிற வருமானம் என்று ஒன்று உண்டென்றால் அது பால் காசுதான்.

"நான் சுவர் மாதிரி உட்கார்ந்திருப்பேன். என்னைப் பார்க்காதீங்க" என்று அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

வேறு வழி ஏதும் இருக்கிறதா என்று இருவரையும் கேட்டேன். இல்லவே இல்லை என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அப்புறம் அந்த அக்கா, "காப்பி போடறேன், வாம்மா" என்று என்னை அடுப்படிக்குக் கூட்டிப் போனார். போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, எங்கிட்ட கொஞ்சம் சிறுவாடு இருக்குது. கேவுரு பானைக்குள்ள வச்சிருக்கேன். பொண்ணு கண்ணாலத்துக்குன்னு சேத்தது. ஆனா பாதிப் பணத்துக்குக் கூட எட்டாது. அத்த சொல்லி இன்னா ஆவப்போவுது? அவருக்குத் தெரிஞ்சா, அப்புறம் செலவுக்குக் காசு கேட்டா 'பானையில பாரு'ன்னுவாரு."

"சொல்லிடுங்களேன்க்கா" என்றேன்.

"ஐயோ, மாதாவே! நீயும் சொல்லிடாதே."

காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் அந்த அண்ணன், "மாட்ட வந்து பாரும்மா" என்று கொட்டகைக்கு அழைத்தார். அங்கே மாட்டின் கழுத்தைத் தடவியபடி சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இந்த மூங்கிலுக்குள்ள கொஞ்சம் பணம் சொருகி வச்சிருக்கேன். எம்மாம் நாளா சேத்தது! பாதிக்கு மேல தேறும், இருந்தாலும் பத்தாது. அவகிட்ட மட்டும் சொல்லிடாத. பொண்ணுக்குத் தோடு எடு, வளையல் எடுன்னு புடுங்கிக்குவா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தனித்தனியே பார்த்தால் போதாது, சேர்த்தால் மாடு தப்பிக்கலாம். அது தெரிந்த ஒரே ஆள் நான். எனக்கோ வாயில் பூட்டு. உள்ளே வந்து உட்கார்ந்தால் இரண்டு பேரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். அதிகாரி சுவராகவே ஆகிவிட்டிருந்தார்.

என்ன செய்வது என்று தெரியாமல் சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்தேன். அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதா கோயில் பூசையில் காணிக்கை எடுக்கிற ஞாபகம் வந்தது. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை நீளக் கம்பில் கட்டிய பையை வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டே வருவார். எல்லோரும் கையை மூடியபடி உள்ளே விட்டு, விரித்து எடுப்போம். நோட்டா, சில்லறையா என்று பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. யாரும் கேட்பதும் கிடையாது.

என் மஞ்சள் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை வெளியே எடுத்து வைத்தேன். பையை மாதா படத்துக்குக் கீழே இருந்த ஆணியில் மாட்டினேன்.

"அண்ணே, அக்கா, இது நம்ம கோயில் காணிக்கைப் பைன்னு நெனச்சிக்குங்க. ஒவ்வொருத்தரா கைய மூடிக்கினு வந்து உள்ள வுட்டு எடுங்க. ஒண்ணும் இல்லன்னாலும் வெறுங்கையையாவது வுடணும். எவ்ளோ, எங்கேர்ந்துன்னு யாரும் யாரையும் கேக்கக்கூடாது" என்றேன்.

சுவர் லேசாக அசைந்து என்னை முறைத்தது.

அண்ணன், "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். அக்கா, "உல கொதிக்குது" என்று உள்ளே ஓடினார். அடுப்பில் உலையே வைக்கவில்லை. மாடும் தண்ணீர் குடித்துவிட்டு அசை போட்டுக்கொண்டிருந்தது. இருவரும் திரும்பி வந்து பைக்குள் கை விட்டார்கள். அக்காவின் விரல்களில் கேழ்வரகு ஒட்டியிருந்தது. கதவோரம் நின்றிருந்த மகளும் தாவணி முடிச்சை அவிழ்த்து எதையோ போட்டாள்.

பாயில் கொட்டினேன். சுருட்டிய நோட்டுகளும், மடித்த நோட்டுகளும், சில்லறையும் கலந்து விழுந்தன. எண்ணி முடித்த அந்தப் பெண், "அப்பா, கட்டறதுக்குப் போதும்பா!" என்று கத்தினாள்.

கேட்கக்கூடாது என்று நான் போட்ட சட்டம் அந்த நொடியே காற்றில் பறந்தது.

"ஏண்டி, உங்கிட்ட ஏது இவ்ளோ?" என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார் அண்ணன்.

"உனக்கு ஏது? அத்த சொல்லு மொதல்ல!"

அண்ணன் தலையைச் சொறிந்தார். "வர்ற மழைக்குள்ள கூரையப் பிரிச்சிட்டு ஓடு போடலாம்னு பாத்தேன். நீதானே மழ வந்தா ராவெல்லாம் சட்டி வச்சிக்கினு குந்தியிருக்கிற."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். பிறகுதான் நான் என் வேலையைப் பார்த்தேன். மகள் தங்கிப் படிக்கப்போகும் விடுதிச் செலவுக்கு மாதாமாதம் பால் காசிலிருந்து எவ்வளவு எடுக்கலாம், கன்று போடும் வரை பால் வற்றியிருக்கும் காலத்துக்கு இப்போதே எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று மூவரையும் உட்கார வைத்துப் பேசினேன்.

சாயங்காலம் கயிற்றோடு தரகர் வந்தார்.

"மாடு விக்கல. மோர் குடிச்சிட்டுப் போ" என்றார் அண்ணன்.

"இன்னாபா இது, மோர் குடிக்கவா இம்மாம் தூரம் கயித்தத் தூக்கிக்கினு வந்தேன்?" என்று அவர் முழித்தாரே, அப்போதுதான் எங்கள் அதிகாரி வாய்விட்டுச் சிரித்ததை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அதிகாரிக்கு மறுபடியும் அந்தப் பழைய முகம் வந்துவிட்டது. "நான் சொல்லிக் கொடுத்த கேள்வியில பாதியைக்கூட நீங்க கேக்கலையேம்மா" என்றார். கொஞ்சம் விட்டு, "பாஸ்" என்றார். வீடு போய்ச் சேரும் வரை என் கால் தரையில் பாவவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டேன். புருஷனுக்குத் தெரியாமல், பெண்டாட்டிக்குத் தெரியாமல் என்று யாராவது என் காதில் கிசுகிசுத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். எவ்வளவு என்று நான் கேட்பதில்லை, யாருக்காகச் சேர்க்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.