ஒரு வேலைக்கு ஒரு ஆள்

கடைக்காரர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் வாடிக்கையாளர் விவரங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருளை அமைத்துத் தருவது காரைக்குடியில் என் வேலை. யார் விசாரித்தார், எந்த வேலை அவருடையது, எதுவரை வந்திருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். தேவகோட்டையில் பழைய வீடுகளுக்கு ஓடு மாற்றித் தரும் ஒருவருக்கு அதை அமைத்தபோது, ஒரு வேலையோடு எத்தனை பேரை இணைக்க வேண்டும் என்று கேட்டேன்.

"ஒரு வீடு, ஒரு ஆளு. அம்புட்டுத்தான். இழுத்தடிக்காதீக" என்றார்.

அது தவறு என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கே நான்கு பங்காளிகள். ஆனால் பலரை இணைப்பதென்றால் இன்னும் இரண்டு நாள் உட்கார வேண்டும். ஒரு வேலைக்கு ஒரு பெயர் என்றே முடித்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, அவருடைய அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்குச் சிலவற்றைக் கற்றுக்கொடுக்கப் போயிருந்தேன். நாச்சியாபுரத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. கணவர் இறந்தபின் அவரும் மகளும் கணவருடைய குடும்ப வீட்டின் பின்கட்டில் இருந்தார்கள். ஓடு ஒழுகுகிறது என்று முதலில் போன் செய்தவர் அவர்தான். அளவெடுக்க வந்தவர்களுக்கு வீட்டைக் காட்டியவரும் அவர்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதோ கோயம்புத்தூரில் இருக்கும் கணவரின் அண்ணன். அலுவலகப் பெண் அவருடைய பெயரைப் போட்டதும், இருந்த ஒரே இடத்திலிருந்து இவர் பெயர் போய்விட்டது. வேலை தொடங்கும் நாளைச் சொல்லும் செய்தி கோயம்புத்தூருக்குப் போனது. அவர் இவரிடம் சொல்லவில்லை.

"மத்தியானம் வேலை முடிச்சுட்டு வாரேன், அடுப்படிக்கு மேல ஓடே இல்ல. சாயங்காலம் மழை வேற. பிள்ளையோட பரீட்சை நோட்டெல்லாம் ஊறிப்போச்சு. நாந்தான மொதல்ல பேசுனேன்? எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

முதலாளி வெளியே போயிருந்தார். நான் அந்த அம்மாவின் பெயரைத் தேடித் திரையில் எடுத்தேன். அவர் என் பின்னால் நின்று வாசித்தார். பெயர், ஊர், போன் நம்பர். அதன்கீழே, தொடர்புடைய வேலை: எதுவுமில்லை.

"எனக்கும் அந்த வீட்டுக்கும் சம்பந்தமில்லைன்னு போட்டிருக்கா?"

"இல்லக்கா, இது சும்மா..."

"எங்க வீட்டுக்காரரு போனதுலருந்து அவுக அண்ணன் இதத்தான் சொல்லிக்கிட்டிருக்காக. இப்ப நீங்களும் சொல்றீக."

தவறு என்னுடையது என்றேன். அவர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த வாரமே மாற்றினேன். ஒரு வேலையோடு எத்தனை பேரையும் இணைக்கலாம். ஒவ்வொருவரும் யார் என்றும் குறிக்கலாம்: உரிமையாளர், பணம் தருபவர், குடியிருப்பவர். இனி எல்லாச் செய்தியும் உங்களுக்கும் வரும் என்று அவருக்குப் போன் செய்து சொன்னேன்.

"என்னைய என்னன்னு போட்டிருக்கீக?"

"குடியிருப்பவர்னு."

போனில் பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

"உரிமையாளர்னு போட முடியாதா ஆத்தா?"

அதற்கு முதலாளி வீட்டுப் பத்திரம் கேட்பார் என்று எனக்குத் தெரியும். அதைக்கூட நேராகச் சொல்ல வாய் வரவில்லை. "கேட்டுச் சொல்றேன்க்கா" என்றேன். கேட்கவில்லை.

கூரை வேலை முடிந்தது. ஒவ்வொரு செய்தியும் அவருக்கும் போனதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். சில மாதங்களுக்குப் பின் முதலாளிதான் சொன்னார், அந்த அம்மா மகளோடு காரைக்குடிக்கு வாடகைக்கு வந்துவிட்டாராம். புது ஓடு போட்ட வீடு பூட்டிக் கிடக்கிறதாம். காய்கறி வாங்கப் போகும்போது எதிரே அவர் வந்துவிடுவாரோ என்று இன்னும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.